பைற்றர் தொட்டியில் பாசி: வெளிச்சத்தை முதலில் பிடிப்பது யார்?

மட்டக்களப்பில் ஒரு பைற்றர் மீனை (fighter, சண்டை மீன்) வாங்கி, சின்னத் தொட்டியில் நாலைந்து செடி நட்டு, மேசையில் வைத்தவர்கள் கொஞ்ச நாளில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் மீனைப் பற்றியதாக இருக்காது. "கண்ணாடியெல்லாம் பச்சை பிடிக்குது, என்ன மருந்து போடலாம்?" என்பதாகவே இருக்கும். கடையில் கேட்டால் ஒரு சின்னப் போத்தலை எடுத்துத் தருவார்கள். ஊற்றினால் பாசி சாகும். சில கிழமைகளில் திரும்ப வரும். வரத்தான் செய்யும். மருந்து பாசியைக் கொல்கிறதே தவிர, பாசி ஏன் வந்தது என்பதைத் தொடுவதே இல்லை.

20 லீற்றர் தொட்டி ஒன்றை ஆழம் குறைந்த குளமாக நினைத்துப் பார்த்தால் விசயம் பாதி விளங்கிவிடும். ஆழமற்ற குளங்களுக்கு இரண்டு நிலைகள் உண்டு. ஒன்றில் அடியில் செடி அடர்ந்து தண்ணீர் தெளிவாக இருக்கும். மற்றதில் தண்ணீரே பச்சையாகி, வெளிச்சம் கீழே இறங்காமல், செடி செத்துப்போயிருக்கும். நெதர்லாந்தைச் சேர்ந்த மார்ட்டன் ஷெஃபர் போன்ற நீர்ச்சூழலியலாளர்கள் 1990களில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். அவர்கள் காட்டியதில் முக்கியமானது, ஒரே அளவு சத்துள்ள குளம் இந்த இரண்டு நிலைகளில் எதிலும் நிற்கலாம் என்பது. எதில் இருக்கிறதோ அதிலேயே நிற்கப் பார்க்கும். மற்றதுக்குத் தள்ளுவதற்குப் பலமான தள்ளு வேண்டும். கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கத்துத் தோணாக்களை, அதாவது கடலோரத்து ஓடைகளை, பார்த்தவர்களுக்கு மூன்றாவது நிலையும் தெரியும்: மேலே மிதக்கும் செடி முழுவதையும் மூடி, கீழே இருட்டாகிக் கிடப்பது.

ஆக, தொட்டிக்குள் நடப்பது ஒரு போட்டி. செடியும் பாசியும் அதே வெளிச்சத்துக்கும் அதே காபனீரொக்சைட்டுக்கும் அதே சத்துக்கும் அடிபடுகின்றன. செடி பலமாக இருந்தால் பாசிக்கு மிச்சம் கிடைக்காது. செடி இரண்டே இரண்டு, அதுவும் மெல்ல வளரும் செடி, மேலே நல்ல பிரகாசமான லைட் என்றால், அந்த வெளிச்சம் யாருக்காக எரிகிறது?

பலர் இந்த இடத்தில் சத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். "நைத்திரேற்றும் பொசுபேற்றும் கூடினால் பாசி வரும், ஆகவே அவற்றை இல்லாமல் ஆக்கு" என்கிறார்கள். ஏரி என்றால் இது சரியான பேச்சு. 1973இல் கனடாவின் ஒன்ராறியோவில், 226 என்று இலக்கமிட்ட ஒரு சின்ன ஏரியை டேவிட் ஷிண்ட்லரும் கூட்டாளிகளும் நடுவில் பிளாஸ்டிக் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பாதிக்கும் காபனும் நைதரசனும் போட்டார்கள். ஒரு பாதிக்கு மட்டும் கூடவே பொசுபரசையும் போட்டார்கள். அந்தப் பாதி பச்சையாகிப் போனது. மற்றது அப்படியே தெளிவாக இருந்தது. வானத்திலிருந்து அந்த ஏரியை எடுத்த படம் சலவைத் தூளில் பொசுபேற்றைக் குறைக்கும் வாதத்துக்கே பலம் சேர்த்தது.

ஆனால் அந்தப் பாடத்தை அப்படியே பைற்றர் தொட்டிக்கு இறக்க முடியாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 0.05 கிராம் தீன் போடுகிறீர்கள், அதில் பொசுபரசு நூற்றுக்கு ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். மீன்தூள் கலந்த தீனில் அவ்வளவாவது இருக்கும். அப்படியென்றால் தொட்டிக்குள் அன்றாடம் போவது அரை மில்லிகிராம் பொசுபரசு. 20 லீற்றரில் அது லீற்றருக்கு 25 மைக்ரோகிராம். ஏரிகளைத் தரம் பிரிக்கும் பரவலான அளவுகோல் ஒன்றின்படி, லீற்றருக்கு 35 மைக்ரோகிராமைத் தாண்டினாலே அது சத்து மிகுந்த, பச்சை பிடிக்கக்கூடிய ஏரி. இரண்டு நாள் சாப்பாட்டில் உங்கள் தொட்டி அந்த எல்லையைக் கடந்துவிடுகிறது. மீன் உடம்பில் ஒரு பங்கு தங்கும் என்றாலும், மிச்சம் கழிவாகத் தண்ணீருக்கே வரும். மீனைப் பட்டினி போடாமல் பாசியைப் பட்டினி போட வழியில்லை. பட்டினி போட்டாலும் முதலில் வாடுவது செடிதான். பாசிக்குத் தேவை மிகக் கொஞ்சம்.

அதற்காக அள்ளிப் போடலாம் என்று அர்த்தமில்லை. உண்ணாத தீன் அடியில் கிடந்து அழுகினால் அமோனியா வரும். அமோனியாவும் பலமான வெளிச்சமும் சேரும் இடத்தில் பாசி கிளம்புவதை மீன் வளர்ப்போர் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். புதுத் தொட்டிகள் முதல் மாதத்தில் பாசி பிடிப்பதற்கும், பில்டர் ஸ்பொஞ்சைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவிப் போட்டதும் பாசி கிளம்புவதற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான். ஸ்பொஞ்சில் குடியிருந்து அமோனியாவைத் தின்னும் பற்றீரியா குளோரினில் செத்துப்போகிறது. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீர் வாளியிலேயே இரண்டு பிழி பிழிந்து போட்டால் போதும். வெள்ளையாகும் வரை கழுவ வேண்டாம்.

சத்தைப் பூச்சியமாக்க முடியாது என்று ஆனபிறகு, உண்மையில் நம் கையில் இருப்பது வெளிச்சம்தான். இதில் நம் ஊருக்கென்று ஒரு பிரச்சினை இருக்கிறது. ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் எழுதிய குறிப்புகளில் "யன்னலோரத்தில் வைக்க வேண்டாம்" என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். மட்டக்களப்பு வட அகலாங்கு ஏறத்தாழ 7.7 பாகையில் இருக்கிறது. இங்கே பகலின் நீளம் மார்கழியிலும் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல், ஆனியில் பன்னிரண்டரை மணி நேரத்துக்குக் கிட்ட. ஆண்டு முழுவதும் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது வரும் திசை மாறும். ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே போய், செப்டெம்பர் தொடக்கத்தில்தான் திரும்ப உச்சியைக் கடந்து தெற்கே இறங்குகிறது. ஆகவே வடக்கு யன்னலோரம் தை மாசியில் நிழலாகக் கிடந்த மேசைக்கு, வைகாசி ஆனியில் நேரடி வெயில் விழும். "ஒன்றுமே மாற்றவில்லை, திடீரென்று பாசி வந்திட்டுது" என்பவர்களில் சிலருக்கு மாறியது சூரியன்.

அதே மாதங்களில்தான் கச்சான் காற்றும் வீசும். மேற்கிலிருந்து, மலையைத் தாண்டி வரண்டு வரும் காற்று. பின்நேரம் மேற்குச் சுவர் கொதிக்கும். 20 லீற்றர் தண்ணீருக்கு வெப்பத்தைத் தாங்கும் சக்தி குறைவு. 30 பாகையைச் சுலபமாகத் தாண்டிவிடும். 25 பாகையில் லீற்றருக்கு எட்டேகால் மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்து நிற்கும் தண்ணீர், 30 பாகையில் ஏழரை அளவுதான் பிடிக்கும். பைற்றருக்கு அது உடனே உறைக்காது. வயல் வாய்க்காலில் பிடிபடும் பனையேறிக் கெண்டையைப் போல அதுவும் மேலே வந்து காற்றை விழுங்கும் மீன். ஆனால் பில்டரில் உள்ள பற்றீரியாவுக்கு ஒட்சிசன் தண்ணீரிலிருந்துதான் வர வேண்டும். சூடும் பாசிக்குச் சாதகம்: பல வகை நீலப்பச்சைப் பாசிகள் சூட்டில்தான் வேகமாகப் பெருகும். மேற்கு யன்னலில் இருக்கும் தொட்டியை வீட்டின் கிழக்கு அறைக்கோ உள் சுவருக்கோ மாற்றுவது எந்த மருந்தையும்விடப் பலன் தரும். மாற்ற இடமில்லையா? பின்பக்கக் கண்ணாடியிலும் வெயில் விழும் பக்கத்திலும் கறுப்புக் கடதாசி ஒட்டிவிடுங்கள்.

யன்னல் வெளிச்சத்தை நிறுத்தியபின் லைட்டை நாம் ஆளலாம். 6 மணி நேரம். பலர் 10, 12 மணி எரிப்பது மீனைப் பார்க்கும் ஆசையில். மீனுக்கு அது தேவையே இல்லை. பைற்றரின் சொந்த இடம் தாய்லாந்தின் மத்திய சமவெளி: வயல், சதுப்பு, செடி மூடிய வாய்க்கால். நிழல்தான் அதற்குப் பழக்கம். லைட் கண் கூசும் அளவு பிரகாசம் என்றால் உயர்த்தித் தொங்கவிடலாம், அல்லது மேலே வெள்ளைக் கடதாசி ஒன்று வைக்கலாம். ஒரு டைமர் வாங்கிக் கொழுவினால் எப்போது எரியும், எப்போது அணையும் என்பது சீராக இருக்கும். ஒரு சின்ன விசயம்: வட்டமாகச் சுழலும் பழைய வகை டைமர், கரண்ட் போகும்போது நின்றுவிடும். இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் டைமர் இரண்டு மணி பிந்தும். நாலைந்து தடவை போன பிறகு லைட் நடுச்சாமத்தில் எரிந்துகொண்டிருக்கும். நீங்கள் தூங்கிவிடுவதால் தெரியாது. மாதத்துக்கு ஒருமுறை பார்த்துத் திருத்த வேண்டும்.

வெளிச்சத்தைக் குறைப்பது பாதிதான். மறுபாதி, இருக்கும் வெளிச்சத்தைச் செடிக்குக் கொடுப்பது. கடையில் பைற்றர் தொட்டிக்கென்று விற்பது பெரும்பாலும் அனுபியாஸ், ஜாவா ஃபேர்ண் போன்ற மெல்ல வளரும் செடிகள். அழகுதான், சாவதும் இல்லை. ஆனால் மாதத்துக்கு ஓர் இலை விடும் செடி பாசியோடு போட்டி போடாது. அதன் இலையே பாசிக்கு இருக்கையாகிவிடும். அனுபியாஸை லைட்டுக்கு நேர்கீழே, மேற்பரப்புக்குக் கிட்டவாகக் கட்டினால், அதன் பழைய இலையில் கைவிரலால் தேய்த்தாலும் போகாத பச்சைப் புள்ளிகள் வரும். பைற்றர் அந்த இலையில்தான் படுத்துக்கொள்ளும், அது வேறு கதை.

போட்டிக்கு இறங்குவது வேகமாக வளரும் செடி. நம் பிள்ளைகள் ஒளித்தொகுப்புப் பரிசோதனையில் புனலுக்குள் வைத்துக் குமிழி எண்ணுகிற அதே ஐதரில்லா இதற்கு அருமையான செடி. நடவும் தேவையில்லை, மிதக்கவிட்டாலே வளரும். செரட்டோபிலமும் அப்படித்தான். புதுத் தொட்டி என்றால் பாதி இடத்தை இந்தச் செடிகளால் நிரப்பிவிட வேண்டும். அழகு பார்த்து ஒவ்வொன்றாக நடுவோம் என்று காத்திருந்தால் அந்த இடைவெளியைப் பாசி எடுத்துக்கொள்ளும். தொட்டி நிலைகொண்ட பிறகு மெல்ல மெல்லக் குறைத்து, விரும்பிய செடிகளுக்கு இடம் கொடுக்கலாம். அப்போது கிரிப்டோகோரினைப் பாருங்கள். உலகம் முழுக்க மீன் வளர்ப்போர் நடும் கிரிப்டோகோரின் வெண்டி நம் நாட்டுக்கே உரியது. இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் வளராது. குறைந்த வெளிச்சம் போதும், பைற்றருக்கு ஏற்ற செடி. நட்ட முதல் சில கிழமைகளில் இலையெல்லாம் உருகிப்போகும், பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். கிழங்கு உயிரோடு இருக்கும். புது இலை விடும்.

மிதக்கும் செடிகளுக்கு ஓர் அனுகூலம் கூடுதலாக உண்டு. தண்ணீருக்குள் காபனீரொக்சைட்டு பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. தண்ணீருக்குள் இருக்கும் செடி அந்தத் தட்டுப்பாட்டில் திணறும்போது, இலையைக் காற்றில் விரித்திருக்கும் செடிக்கு அந்தக் கவலையே இல்லை. வேரைத் தண்ணீரில் தொங்கவிட்டு நைத்திரேற்றை இழுத்துக்கொண்டு, மேலே நிழலும் தரும். சிலிண்டர் வைத்து காபனீரொக்சைட்டு விடாத சின்னத் தொட்டிகளில், பாசியை அடக்கும் மிகச் சுலபமான வழி இதுதான் என்பது என் எண்ணம். மேற்பரப்பில் மூன்றில் ஒரு பங்காவது திறந்திருக்க வேண்டும். பைற்றர் மேலே வந்து மூச்செடுக்க வேண்டும். ஆனால் வாவியோரத்தில் கிடக்கிறதே என்று ஆற்றுவாழையைக் கொண்டுவந்து போட வேண்டாம். 20 லீற்றரில் அது அடங்காது என்பது ஒரு பக்கம். அந்தச் செடியை ஒழிப்பதற்கென்றே 1909இல் தனிச் சட்டம் போட்ட நாடு இது. நூறு வருடம் தாண்டியும் ஒழியவில்லை.

தண்ணீர் மாற்றுவது பற்றி எல்லோரும் சொல்வது கிழமைக்கு நாலில் ஒரு பங்கு. சரியான அளவுதான். ஆனால் எந்தத் தண்ணீர் என்பதைப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பு நகரத்துக்குக் குழாய் வழியே வரும் தண்ணீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து எடுத்துச் சுத்திகரித்தது, குளோரின் இருக்கும். வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றலாம், அல்லது குளோரின் நீக்கும் சொட்டு மருந்தைக் கலக்கலாம். கடலோர மணற்பாங்கில் இருப்பவர்களுக்குக் கிணறு. நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லை. மணல் எதையும் தடுத்து நிறுத்தாது. மலசலகூடக் குழியோ யூரியா போட்ட தோட்டமோ பக்கத்தில் இருந்தால் நைத்திரேற்று அந்தக் கிணற்றுக்குள் இறங்கியிருக்கும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அந்த எல்லைக்குக் கிட்ட நிற்கும் கிணற்றுத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினால் நைத்திரேற்று குறையாது. கழிவும் அமோனியாவும் வெளியேறும், அது நல்லது. நைத்திரேற்றைச் செடிதான் எடுக்க வேண்டும்.

ஐப்பசி கார்த்திகையில் மழை தொடங்கியதும் இதில் இன்னொன்று சேரும். வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கினால் இறைத்துச் சுத்தம் செய்து குளோரின் போடுவார்கள். அந்தத் தண்ணீரின் மணம் மூக்குக்கே தெரியும். அது முழுவதும் போகும் வரை தொட்டிக்கு அதை எடுக்க வேண்டாம். ஓட்டில் முதல் மழை தூசியைக் கழுவிக்கொண்டு போன பிறகு பிடித்த மழைநீரைப் பாதிப் பாதி கலக்கலாம்.

எந்தப் பாசி என்று பார்ப்பதும் உதவும். புதுத் தொட்டியில் விரலால் தொட்டதும் கழன்று வரும் மண்ணிறப் படலம் தயற்றம். மணலிலும் தண்ணீரிலும் உள்ள சிலிக்கா தீரத் தீர அதுவாகவே போய்விடும், கவலைப்பட வேண்டாம். செடியில் சிக்கிய பச்சை நூலைப் பழைய பல் பிரஷ்சால் சுற்றி எடுத்துவிடலாம். இலை ஓரத்தில் கறுப்பு மயிர்க்கற்றை போல நிற்பது சிவப்புப் பாசி இனம். கறுப்பாக இருந்தாலும் மதுசாரத்தில் போட்டால் சிவக்கும். சுரண்டினால் வராது, அந்த இலையை வெட்டி எறிவதே சுகம். மணலின் மேல் வழுவழுப்பான நீலப்பச்சைப் போர்வை, தூக்கினால் துண்டு துண்டாக வரும், சேற்று மணம் வீசும் என்றால் அது நீலப்பச்சைப் பாசி. பெயர்தான் பாசி, உண்மையில் அது சயனோபற்றீரியா என்ற பற்றீரியா வகை. தண்ணீர் அசையாத மூலைகளில்தான் அது தொடங்கும். பைற்றருக்கு வேகமான ஓட்டம் பிடிக்காது என்பதற்காகப் பில்டரை ஒரேயடியாகக் குறைத்த தொட்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். கையால் அள்ளி எடுத்து, மூன்று நாள் தொட்டியைத் துணியால் முழுவதும் மூடி, லைட்டே போடாமல் விட்டால் பெரும்பாலும் அடங்கும். அந்த மூன்று நாளும் தீன் வேண்டாம், பைற்றர் தாங்கும். பில்டர் ஓட வேண்டும். திறந்ததும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், செத்த பாசி அழுகி அமோனியா விடும். தண்ணீரே பச்சைச் சாயம் போல் ஆகிப்போனாலும் இதே வழிதான்.

"பாசி தின்னும் மீன் ஒன்று போட்டால் என்ன?" என்று கேட்காதவர்கள் இல்லை. கடையில் டேங் கிளீனர் என்று விற்கும் மீன் விரல் நீளத்தில் இருக்கும்போது வடிவாகக் கண்ணாடியை நக்கும். ஆனால் ஓர் அடிக்கு மேல் வளரும் மீன் அது. 20 லீற்றரில் அது தின்னும் பாசியைவிடப் போடும் கழிவு அதிகம். வளர்ந்ததும் ஆற்றிலோ குளத்திலோ கொண்டுபோய் விட்டதால், இலங்கையின் நீர்நிலைகள் பலவற்றில் இன்று அது தொல்லை. இறாலைப் போட்டால் சில பைற்றர் விட்டுவைக்கும், சில ஒரே இரவில் முடித்துவிடும். நத்தைதான் பொருத்தம். நெரைட் நத்தை கண்ணாடியில் ஒட்டிய புள்ளிப் பாசியையும் சுரண்டும். அதன் குஞ்சுகள் வளர வாவியில் இருப்பது போன்ற சவர்நீர் வேண்டும் என்பதால் தொட்டியில் பெருகித் தொல்லை தராது. கண்டற் காட்டிலிருந்து பிடித்துவந்து நேரே நன்னீரில் போடாதீர்கள். நன்னீருக்குப் பழகியதைக் கடையில் வாங்குங்கள்.

மருந்து? செப்புச் சல்பேற்றுக் கலந்த பாசி மருந்து எதுவும் வேண்டாம். நத்தையைக் கொல்லும், செடியைக் கெடுக்கும், அளவு தவறினால் மீனையும். கறுப்புமயிர்ப் பாசி விடாப்பிடியாக நின்றால் மட்டும் பாமசியில் வாங்கும் 3 வீத ஐதரசன் பரவொட்சைட்டு. பில்டரை நிறுத்திவிட்டு, ஊசி இல்லாத சிறிஞ்சால் பாசியின் மேல் நேராக, மெல்ல விடுங்கள். 20 லீற்றருக்கு 5 மில்லிலீற்றருக்கு மேல் போகாதீர்கள். ஐந்து நிமிடத்தில் பாசியிலிருந்து குமிழி எழும். பில்டரைத் திரும்பப் போட்டு, மறுநாள் கொஞ்சம் தண்ணீர் மாற்றலாம். அடுத்த சில நாளில் கறுப்பு, சிவப்பாகிப் பிறகு வெளிறினால் செத்துவிட்டது என்று அர்த்தம். மொஸ், வல்லிஸ்னேரியா மேல் பட விடாதீர்கள், கருகும்.

இதைவிட நல்லதும் இலவசமானதும் ஒன்றிருக்கிறது. காய்ந்து தானாக விழுந்த நாட்டு வாதுமை இலை ஒன்று. கழுவி, தொட்டியில் போட்டால் தண்ணீர் தேயிலைச் சாயம் போலாகும். அந்தச் சாயம் வெளிச்சத்தை, முக்கியமாக நீல நிறத்தை, விழுங்கிக்கொள்ளும். பைற்றரும் அந்த நிறத் தண்ணீரில்தான் வாழப் பழகிய மீன். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இது பிடிக்காது.

லைட்டைக் குறைத்த மறுநாளே கண்ணாடி பளிச்சென்று ஆகாது. ஏற்கெனவே ஒட்டியிருப்பதைப் பழைய பிளேட்டால் நீங்கள்தான் சுரண்ட வேண்டும். கவனிக்க வேண்டியது சுரண்டிய இடத்தில் திரும்ப வர எவ்வளவு நாள் எடுக்கிறது என்பதை. அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனால் செடி முந்துகிறது. முந்தத் தொடங்கிய செடி கிழமைக்குக் கிழமை வெட்ட வேண்டிய அளவுக்கு வளரும். வெட்டியதைத் தோணாவிலோ வாவியிலோ கொட்டாமல் வெயிலில் காயவிட்டுத் தென்னைக்கு அடியில் போடுங்கள்.